மண்ணை வனைந்தவர் யார்?

சைவ சித்தாந்த நூல்களைக் கற்கத் தொடங்குவோர் முதற் பாடங்களிலேயே ஒரு குயவனையும் அவன் வனைந்த குடத்தையும் எதிர்கொள்கின்றனர். குடம் என்னும் காரியத்திற்கு, அதாவது விளைபொருளுக்கு, மூன்று காரணங்கள் வேண்டும் என்றும், குடமாகவே மாறி நிற்கும் மண் முதற்காரணம், அம்மாற்றத்திற்கு உதவும் திரிகையும் தண்டும் துணைக்காரணம், இவற்றைக் கொண்டு வனைகின்ற குயவன் நிமித்தகாரணம் என்றும் அங்கே விளக்கப்படுகிறது. இதே முறையில் உலகிற்கு மாயை முதற்காரணமாகவும், இறைவனது சத்தி துணைக்காரணமாகவும், இறைவன் நிமித்தகாரணமாகவும் கொள்ளப்படுகின்றனர். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களாக அமைத்த சிவஞானபோதமும், அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரும், 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் எழுதிய மாபாடியமும் வழிவழியாக வளர்த்த கோட்பாடு இது. தமிழ் இலக்கணமும் இதே குயவனை அறியும்: மூன்றாம் வேற்றுமையை விளக்கும் உரையாசிரியர்கள், மண்ணால் குடம் வனைந்தான் என்பதில் மண்ணை முதற்கருவி என்றும், திரிகையால் வனைந்தான் என்பதில் திரிகையைத் துணைக்கருவி என்றும் பிரித்துக் காட்டுவர்.

இந்த உவமையில் ஒரு பொருள் மட்டும் கேள்விக்கு உள்ளாகாமல் குயவனின் முற்றத்தில் குவிந்து கிடக்கிறது. அது மண். மண் எங்கிருந்து வந்தது என்ற வினாவைச் சித்தாந்தம் விட்டுவிட்டது என்று சொல்லிவிட முடியாது. முப்பத்தாறு தத்துவங்களின் வரிசையில் பிருதிவி கடைசியாகத் தோன்றுவது என்று அது வகுத்திருக்கிறது. ஆயினும் அந்த விடை நிலம் என்னும் பூதத்தைப் பற்றியது. குயவன் குழைக்கின்ற, விரலுக்கு இணங்குகின்ற, காய்ந்தால் இறுகுகின்ற களிமண்ணைப் பற்றியது அன்று. களிமண்ணும் ஒரு காரியம் என்பதும், அது தோன்றும் முறை பெரிதும் அறியப்பட்டுள்ளது என்பதும், அதன் சில வகைகளை ஆய்வுக்கூடத்தில் விளைவிக்க முடிகிறது என்பதும் கடந்த நூறாண்டுகளில் தெளிவாகிவிட்ட நிலையில், குடத்திற்குக் குயவனைக் கேட்ட அதே நேர்மையோடு களிமண்ணுக்கும் குயவனைக் கேட்க வேண்டிய கடமை இன்றைய சமயச் சிந்தனைக்கு இருக்கிறது.

இந்த வினாவைக் கேட்பதற்குப் பொருத்தமான நிலம் பொன்னேரியும் அதற்கு வடகிழக்கே விரியும் பழவேற்காடு ஏரியும் ஆகும். நகரி மலைப் பகுதியிலிருந்து இறங்கும் ஆரணியாறு, நஞ்சுண்ட சிவன் பள்ளிகொண்ட கோலத்தில் காட்சி தரும் சுருட்டப்பள்ளியைத் தொட்டு, ஊத்துக்கோட்டையைக் கடந்து, அகத்தீசுவரரும் கரிகிருஷ்ணப் பெருமாளும் குடிகொண்ட பொன்னேரியின் ஓரமாக ஓடி, ஏரியில் கலக்கிறது. சிறீஅரிக்கோட்டைத் தீவு வங்கக் கடலிலிருந்து தடுத்து வைத்திருக்கும் இந்த உப்பங்கழி, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஆற்றின் நன்னீரும் முகத்துவாரத்தின் வழியாக ஏறும் கடல்நீரும் பருவத்திற்கேற்ப ஒன்றையொன்று வென்றும் தோற்றும் வரும் இடம். இதன் கரையில் மீன்பிடிக் குப்பங்களோடு, போர்த்துக்கீசியர் காலத்து மகிமை மாதா கோயிலும், பழமையான பள்ளிவாசல்களும், டச்சுக்காரர்கள் 1613இல் எழுப்பிய கெல்டிரியா கோட்டையின் எச்சங்களும் இருக்கின்றன. ஏரியின் ஆழம் குறைந்த ஓரங்களில் இருளர் பெண்கள் பறி என்னும் ஓலைக்கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பதுண்டு. அவர்களின் விரல்கள் அன்றாடம் துழாவும் அந்தச் சேற்றில்தான் இந்தக் கட்டுரையின் பொருள் இருக்கிறது.

களிமண் என்பது வெறும் நுண்ணிய தூள் அன்று. மணலை எவ்வளவு அரைத்தாலும் மணல்தூள் கிடைக்குமே தவிரக் களிமண் கிடைக்காது. களிமண் கனிமங்கள் என்பவை பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரின் ஐந்நூற்றில் ஒரு பங்கினும் சிறியவையான படிகங்கள். ஒவ்வொரு படிகமும் புத்தகத்தின் தாள்களைப் போல அடுக்கப்பட்ட தகடுகளால் ஆனது. தகடுகள் இருவகை. சிலிக்கான் அணுவை நடுவில் வைத்து நான்கு ஆக்சிஜன் அணுக்கள் சூழ்ந்த நான்முக வடிவங்கள் கைகோத்து விரிவது ஒரு வகை. அலுமினியம், மக்னீசியம், இரும்பு ஆகியவற்றுள் ஒன்றை ஆறு அணுக்கள் சூழ்ந்த எண்முக வடிவங்கள் இணைந்து விரிவது மற்றொரு வகை. முன்னதில் ஒன்றும் பின்னதில் ஒன்றும் ஒட்டினால் ஓர் அடுக்கு உருவாகும். இரண்டு சிலிக்காத் தகடுகளுக்கு இடையில் ஓர் எண்முகத் தகடு சிக்கினால் வேறொரு வகை அடுக்கு உருவாகும். அடுக்குகளுக்கு இடையில் நீர் புகுந்தால் மண் வழுக்குகிறது, உப்புகிறது, குழைகிறது. குயவனின் விரலுக்கு மண் இணங்குவதற்குக் காரணம், கண்ணுக்குத் தெரியாத இந்தத் தாள்கள் ஒன்றின் மேல் ஒன்று நழுவுவதுதான்.

எண்முகத் தகட்டில் அலுமினியத்தின் இடத்தை இரும்பு மிகுதியாகப் பிடித்துக்கொள்ளும்போது இரும்புச் செறிவுள்ள களிமண் கனிமம் பிறக்கிறது. பிரான்சின் நோந்த்ரோன் என்னும் ஊரின் பெயரால் வழங்கும் நான்ட்ரோனைட், பசுமை நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் பெற்ற கிளாக்கனைட், சுவிட்சர்லாந்தின் சாமோசோனை நினைவூட்டும் சாமோசைட், பெர்த்தியரின், ஓடினைட் ஆகியவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை அனைத்தின் பிறப்பையும் புரிந்துகொள்ள இரும்பின் ஓர் இயல்பை அறிந்தால் போதும். இரும்பு இரண்டு நிலைகளில் வாழ்கிறது. காற்றுப்படும் இடத்தில் பெர்ரிக் என்னும் நிலையில் துருவாகச் சிவந்து, நீரில் ஏறக்குறையக் கரையாமல் கிடக்கிறது. ஆக்சிஜன் அற்ற இடத்தில் ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாகப் பெற்று, பெர்ரஸ் என்னும் நிலையில் நீரில் கரைந்து நடமாடுகிறது.

பொன்னேரிக்குத் தெற்கே செங்குன்றம் என்ற பெயரே முதல் நிலைக்குச் சான்று. அங்குள்ள செம்பாறை, புவியியலாளர் லேட்டரைட் என்று அழைப்பது. பிரான்சிஸ் புக்கானன் கேரளத்தின் அங்காடிப்புரத்தில் கண்ட பாறைக்கு, செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு 1807இல் இட்ட பெயர் அது. நீண்ட காலம் மழையும் வெயிலும் மாறிமாறித் தாக்கிக் கரையக்கூடிய அனைத்தையும் அடித்துச் சென்றபின், கரையாத இரும்பும் அலுமினியமும் எஞ்சி நிற்பதே அந்தச் சிவப்பு. இத்தகைய செம்மண் நிலங்களிலிருந்து மழைக்காலத்தில் ஆறுகள் துருப் படிந்த துகள்களை அள்ளிக்கொண்டு வந்து உப்பங்கழியில் இறக்குகின்றன. அங்கே, சேற்றின் மேல் பழுப்பான மெல்லிய படலம் ஒன்று இருக்க, அதனைக் கிளறினால் கீழே கரிய சேறு வெளிப்படுகிறது. மேலே ஆக்சிஜன் இருக்கிறது. கீழே அழுகும் இலைதழைகளைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு, அது கிடைக்காத நிலையில் துருவில் உள்ள இரும்பையே மூச்சுக்குப் பயன்படுத்திக்கொள்கின்றன. துரு கரைகிறது, பெர்ரஸ் இரும்பு விடுதலை பெறுகிறது.

அவ்வாறு விடுதலை பெற்ற இரும்பின் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. கடல்நீர் மிகுந்த சேற்றில், அந்நீரிலுள்ள சல்பேட்டை வேறு வகை நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. உப்பங்கழிச் சேற்றின் அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதே. அந்தக் கந்தகம் இரும்பைப் பிடித்துக்கொண்டால் கரிய சல்பைடாகவும் காலப்போக்கில் பைரைட் என்னும் கனிமமாகவும் இரும்பு சிறைப்படுகிறது. நன்னீர் கலந்து கந்தகம் குறைவாகவும், கரைந்த சிலிக்காவும் இரும்பும் போதிய அளவிலும் இருந்தால், இரும்பு களிமண்ணின் எண்முகத் தகட்டில் சென்று அமர்கிறது. பெர்த்தியரின் போன்ற கனிமங்கள் உவர்நீர்ச் சூழல்களோடும் கழிமுகங்களோடும் தொடர்புடையனவாக அறியப்படுவதற்குக் காரணம் இதுவே. முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோவதும், அதனைத் திறந்து வைக்கக் குப்பங்கள் மீண்டும் மீண்டும் கோருவதும் மீன்வளத்தைப் பற்றிய செய்தியாகவே அறியப்படுகின்றன. அதே திறப்பும் அடைப்பும் சேற்றின் ஆழத்தில் இரும்பு கந்தகத்தோடு சேருமா, சிலிக்காவோடு சேருமா என்பதையும் பாதிக்கக்கூடியவை.

ஆற்று முகங்களுக்கு அப்பால், வெப்பமண்டலக் கடல்களின் ஆழமற்ற திட்டுகளில், ஓடினைட் என்னும் பச்சைக் கனிமம் விளைகிறது. இத்தகைய பச்சை மணிகளை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த பிரெஞ்சுப் புவியியலாளர் ழில் ஓடினின் பெயரால் 1988இல் அது அழைக்கப்பட்டது. இந்தியாவின் கிழக்குக் கடலடித் திட்டிலும் இவ்வகைப் பச்சை மணிகள் கிடைப்பதைக் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவன ஆய்வாளர்கள் 1990களில் பதிவுசெய்துள்ளனர். இன்னும் ஆழமான, வண்டல் மிக மெதுவாகப் படியும் கடலடியில் கிளாக்கனைட் விளைகிறது. அது விளையும் கருப்பை பெரும்பாலும் கடற்புழுக்களின் எச்ச உருண்டையோ, இறந்துபோன நுண்ணுயிரியின் ஓட்டு உட்புறமோ ஆகும். வெளியே ஆக்சிஜன் இருக்க, உள்ளே அது தீர்ந்துபோன அந்தச் சிறு அறைக்குள் இரும்பு சிறிது கரைந்தும் சிறிது உறைந்தும் தகடுகளைக் கட்டுகிறது. கடல்நீரிலிருந்து பொட்டாசியம் மெல்ல மெல்ல அடுக்குகளின் இடையில் ஏறுகிறது. நன்கு முதிர்ந்த கிளாக்கனைட் மணி ஒன்று உருவாக இலட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகலாம் என்பது ஓடின் முதலியோரின் கணிப்பு. பெரம்பலூர் மாவட்டத்தின் காரை என்னும் ஊரைச் சுற்றியுள்ள வறண்ட பள்ளங்களில், கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் விட்டுச்சென்ற படிவுகளில், இந்தப் பச்சைக் கனிமம் இன்றும் இருக்கிறது. புழுவின் கழிவுக்குள் இத்தனை பொறுமையான படைப்பு நடக்கும் என்பது, தூய்மை, தீட்டு என்று பொருள்களைப் பிரித்துப் பழகிய சமய மனம் நின்று எண்ண வேண்டிய செய்தியாகும்.

ஆய்வுக்கூடத்தில் இந்தக் கனிமங்களை விளைவிக்க முயன்றவர்களின் வரலாறு, தத்துவ நோக்கில் மேலும் பயன் தருவது. தொடக்கத்தில் களிமண்ணை ஆக்குவதற்குப் பெரும் வெப்பமும் அழுத்தமும் தேவை எனக் கருதப்பட்டு, மூடிய உலோகக் கலங்களில் கரைசல்கள் சூடேற்றப்பட்டன. 1970களில் ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஹெர்மன் ஹார்டர் வேறு வழியில் சென்றார். மிக நீர்த்த சிலிக்காக் கரைசலில் இரும்பின் ஹைட்ராக்சைடைச் சேர்த்து, அறை வெப்பத்திலும் அதனினும் குளிர்ந்த நிலையிலும் வைத்தபோது, நான்ட்ரோனைட் போன்ற கனிமங்கள் படிகமாகத் தொடங்கின. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. கரைசல் ஆக்சிஜன் அற்றதாக, இரும்பு பெர்ரஸ் நிலையில் இருக்கக்கூடியதாக இருக்க வேண்டும். முற்றிலும் துருவான இரும்பை மட்டும் கொடுத்தால் உருவமற்ற குழம்பே எஞ்சியது. பெர்ரஸ் இரும்பு எண்முகத் தகட்டை எளிதில் அமைத்துவிடுவதும், அந்தத் தகடே சிலிக்கா வந்து வரிசையாக அமர்வதற்கு அச்சாகப் பயன்படுவதும் இதற்கு விளக்கமாகக் கூறப்படுகின்றன. பிரான்சில் அலன் டெக்காரோவும் உடன் உழைத்தோரும் 1980கள் முதல், இரும்பும் சிலிக்காவும் கலந்த கூழை மிதமான சூட்டில் நாட்கணக்கில், வாரக்கணக்கில் முதிரவிட்டு, படிகம் படிப்படியாக ஒழுங்குபெறுவதைப் பின்தொடர்ந்தனர். 2016இல் நிக்கோலஸ் டாஸ்காவும் உடன் ஆய்ந்தோரும், ஆக்சிஜன் இல்லாத தொல்பழங்காலக் கடலை ஒத்த கரைசலில் கிரீனலைட் என்னும் இரும்புக் களிமண்ணின் முன்வடிவம் வீழ்படிவாவதைக் காட்டினர்.

நுண்ணுயிரின் பங்கும் சோதிக்கப்பட்டது. ஸ்மெக்டைட் என்னும் உப்பும் களிமண் இல்லைட் என்னும் உப்பாத களிமண்ணாக மாறுவதற்கு 300 முதல் 350 டிகிரி செல்சியஸ் வெப்பமும், 100 மெகாபாஸ்கல் அழுத்தமும், நான்கைந்து மாதங்களும் தேவைப்படும் என்று அறியப்பட்டிருந்தது. களிமண்ணின் உள்ளே இருக்கும் இரும்பை மூச்சுக்குப் பயன்படுத்தும் ஷெவனெல்லா என்னும் பாக்டீரியாவைச் சேர்த்தபோது அதே மாற்றம் அறை வெப்பத்தில், சாதாரணக் காற்றழுத்தத்தில், 14 நாட்களில் நிகழ்ந்ததை 2004இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இங்கே நிமித்தகாரணம் எது? ஆய்வாளர் என்று உடனே விடை சொல்லத் தோன்றும். ஆனால் ஆய்வாளர் செய்த செயல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தால், அவர் நீரை அளந்தார், காற்றை அகற்றினார், இரும்பைக் கரைத்தார், காரத்தன்மையைச் சரிசெய்தார், கலத்தை மூடினார், காத்திருந்தார். எந்த ஒரு சிலிக்கான் அணுவையும் அவர் எடுத்து அதன் இடத்தில் வைக்கவில்லை, வைக்கவும் முடியாது. குயவன் குடத்தின் ஒவ்வொரு வளைவையும் தன் விரலால் அறிவான். ஆய்வாளரோ படிகம் பிறந்ததா என்பதையே எக்ஸ் கதிரைப் பாய்ச்சிப் பார்த்த பின்பே அறிகிறார். ஆகவே அவர் இலக்கணம் கூறும் இயற்றுதற் கருத்தா, அதாவது தானே தொழிலைச் செய்பவர், அல்லர். கொத்தனை ஏவிக் கோயில் கட்டுவித்த அரசனைப் போன்ற ஏவுதற் கருத்தா என்று சொல்வதற்கும் இடமில்லை, ஏனெனில் ஏவலைக் கேட்டு நடக்கும் அறிவு அணுக்களுக்கு இல்லை. அவர் செய்தது, நிகழக்கூடிய ஒன்று நிகழ்வதற்கு இடம் தந்தது. தமிழில் உருவாக்குதல் என்றும் உருவாதல் என்றும், திரட்டுதல் என்றும் திரளுதல் என்றும் வினைகள் இரட்டையாக வழங்குவது இத்தகைய வேறுபாட்டைச் சொல்வதற்காகவே. செய்யப்படும் பொருளையே செய்வது போலச் சொல்வதும் வழக்கு என்று தொல்காப்பியம் வினையியலில் இடம் தந்திருப்பதும், திண்ணை மெழுகிற்று என்று உரையாசிரியர்கள் அதற்கு எடுத்துக்காட்டுத் தருவதும் இங்கே நினைக்கத்தக்கன. மெழுகியவர் ஒருவர் இருக்க, தொழிலின் எளிமை கருதித் திண்ணையே மெழுகிக்கொண்டதாகச் சொல்வது அந்த வழக்கு. களிமண் விளைந்தது என்னும் தொடரும் அத்தகைய மரபுவழக்கு மட்டும்தானா, அல்லது அதுவே உண்மை நிலையா என்பதுதான் இங்கு எழும் கேள்வி.

பழவேற்காட்டு மீனவர்களின் பேச்சிலும் இதற்கு ஒரு சொல் உண்டு. ஏரியில் இறால் பிடிப்பதற்குரிய நீர்ப்பரப்புகளைக் குப்பங்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டுக்குப் பாடு என்று பெயர். படு என்னும் வினையின் முதல் நீண்டு பாடு ஆகிறது. வலையில் மீன் படுவது மீன்பாடு. மீனவர் வலையின் கண்ணளவையும், நீரோட்டத்தையும், நிலவின் நாளையும், இடத்தையும் தேர்ந்து வலையைக் கட்டுகின்றனர். அதன்பின் இறால் வந்து படுகிறது. உழைப்பு முழுவதும் மனிதருடையது, ஆயினும் படுதல் அவர் கையில் இல்லை. உழைப்பையும் விளைவையும் இப்படிப் பிரித்துப் பேசும் மொழி, ஆய்வுக்கூடத்தில் களிமண் விளைவிப்பவரின் நிலையைக் குயவனின் உவமையைவிட நெருக்கமாக விவரிக்கிறது.

சித்தாந்தத்தின் தரப்பில் எழும் மறுப்பு வலுவானது. அதனை மெலிதாக்கிக் காட்டுவது நேர்மை ஆகாது. சடம், அதாவது அறிவற்ற பொருள், தானாகத் தொழிற்படாது என்பதே உலகிற்கு ஒரு கருத்தா வேண்டும் என்ற அனுமானத்தின் அடித்தளம். மூலப்பகுதி தானே உலகாக விரியும் என்ற சாங்கியத்தைச் சித்தாந்திகள் மறுத்ததும் இதனைக் கொண்டே. கலத்துக்குள் இரும்பும் சிலிக்காவும் தாமாக ஒழுங்குபெறுவதைக் கண்ட பிறகு, இந்த அடித்தளத்தைப் பழைய வடிவிலேயே வைத்துக்கொள்ள முடியாது. அறிவற்றது உருப்பெறாது என்பது பிழையாகிவிட்டது. ஆனால் அதற்குக் கீழே மற்றொரு வினா இருக்கிறது: இரும்புக்கு இரண்டு நிலைகள் இருப்பதும், சிலிக்கானை நான்கு ஆக்சிஜன் சூழ்வதும், ஒரு தகட்டின் அளவு மற்றொன்றின் அளவோடு பொருந்துவதும் எதனால்? இந்தப் பொருத்தங்களுக்கு அணுவியல் காரணம் சொல்லும். அந்தக் காரணத்துக்கும் காரணம் கேட்கலாம். ஏதோ ஓரிடத்தில், பொருள்கள் இத்தகைய இயல்புடையனவாக இருக்கின்றன என்பதை மட்டுமே சொல்ல முடியும். ஹார்டரின் கலம் அந்த இடத்துக்குக் கீழே இறங்கவில்லை. இறங்குவதாக அவர் கூறவும் இல்லை.

இதே காட்சியைப் பௌத்தம் வேறுவிதமாகப் படிக்கும். சாத்தனாரின் மணிமேகலை, காஞ்சியில் அறவண அடிகள் வாயிலாக விரித்துரைக்கும் பன்னிரு சார்புகளின் கோட்பாட்டில், ஒன்று இருக்கும்போது மற்றொன்று தோன்றுகிறது, அது நீங்கும்போது இதுவும் நீங்குகிறது. அங்கே நிபந்தனைகள் உண்டு, வனைபவன் இல்லை. ஆக்சிஜன் இல்லாதபோது, சிலிக்கா இருக்கும்போது, இரும்பு கரைந்திருக்கும்போது என்று அடுக்கிச் செல்லும் ஆய்வுக் குறிப்பு, வடிவத்தில் இந்தக் கோட்பாட்டுக்கு மிக அருகில் நிற்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. உலகைப் படைத்தவர் ஒருவர் இல்லை என்ற சமணமும், பொருள்களின் இயல்பே போதும் என்று இதனைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்ளும்.

சித்தாந்தத்துக்குள்ளேயே குயவனைவிடப் பொருத்தமான உவமைகள் இருப்பது இவ்விடத்தில் உதவுகிறது. கதிரவன் எழும்போது ஒரு தாமரை மலர்கிறது, ஒன்று மொட்டாகிறது, ஒன்று வாடுகிறது. கதிரவன் எதையும் தொட்டுத் திறக்கவில்லை. இறைவன் தன் சந்நிதி அளவில், அதாவது முன்னிலையாக இருப்பதனாலேயே, தொழில்களை நிகழ்விக்கிறான், தான் மாறுபடுவதில்லை என்று இதனை விளக்குவர். சிவஞானபோதத்தின் ஐந்தாம் சூத்திரத்தில் வரும் உவமை இன்னும் நெருக்கமானது: காந்தத்தின் முன் நிற்கும் இரும்பு. பசாசம் என்ற பழஞ்சொல்லால் மெய்கண்டார் அங்கே இரும்பைக் குறிக்கிறார். காந்தம் தன் நிலையில் இருக்க இரும்பு இயங்குகிறது. குடத்தை முதல் உவமையாக வைத்த மரபு, கை தொடாமல் நிகழும் செயலையும் அறிந்தே இருந்தது. குயவன் உவமையைப் பின்னுக்குத் தள்ளி இந்த உவமைகளை முன்னே கொண்டுவருவதால் சித்தாந்தம் எதையும் இழக்காது. இறைவனை விரலாகக் கருதும் பழக்கத்தை மட்டுமே அது கைவிட நேரும். அறிவியல் ஒவ்வோர் இடைவெளியை நிரப்பும்போதும் அந்த விரல் பின்வாங்க நேர்வதால், அதைக் கைவிடுவது சமயத்துக்கு நன்மையே.

ஏரிக்கரையின் மற்ற இரு சமயங்களும் இந்த வினாவிலிருந்து விலகி நிற்பவை அல்ல. விவிலியத்தின் ஆதியாகமம் முதல் மனிதன் நிலத்தின் மண்ணால் உருவாக்கப்பட்டான் என்கிறது. எரேமியா தீர்க்கதரிசி குயவனின் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, கெட்டுப்போன பாண்டம் மீண்டும் வனையப்படுவதைக் காண்கிறார். குர்ஆனின் ஹிஜ்ர் அத்தியாயமோ, மனிதன் படைக்கப்பட்ட மூலப்பொருளாகக் கருஞ்சேற்றிலிருந்து ஆன களிமண்ணைக் குறிப்பிடுகிறது. இந்த வசனங்களைப் புவிவேதியியலாகப் படிப்பது அவற்றுக்கும் நீதி அன்று, அறிவியலுக்கும் நீதி அன்று. எனினும் உயிரின் தோற்றத்தில் களிமண்ணுக்குப் பங்கு இருக்கலாம் என்பதை 1951இல் ஜே. டி. பெர்னாலும், களிமண் படிகங்களே முதல் மரபுச் செய்திகளைச் சுமந்திருக்கலாம் என்பதை 1960கள் முதல் கிளாஸ்கோவின் கெய்ர்ன்ஸ்-ஸ்மித்தும் முன்வைத்தனர். இவை நிறுவப்படாத கருதுகோள்கள். ஆனால் களிமண்ணை உயிரற்ற வெறும் மூலப்பொருளாக எண்ணுவது எளிதன்று என்பதை இவை உணர்த்துகின்றன.

குடத்தின் உவமை தளரும் மற்றோர் இடமும் உண்டு. உள்ளது அழியாது, தோன்றியது தன் காரணத்தில் ஒடுங்கும் என்பது சற்காரியவாதம். குடம் உடைந்தால் மண்ணாகும் என்று அதற்குச் சொல்லப்படுவதுண்டு. சதுர்த்திக்குப் பச்சை மண்ணால் பிடித்து நீரில் விடப்படும் பிள்ளையாருக்கு இது முழுதும் பொருந்தும். அடுக்குகள் பிரிந்து களிமண் களிமண்ணாகவே திரும்புகிறது. சூளையில் சுட்ட குடத்துக்கு இது பொருந்தாது. சுமார் 500 டிகிரிக்கு மேல் தகடுகளுக்குள் கட்டுண்ட நீரும் வெளியேறி, தகட்டின் அமைப்பே குலைகிறது. இரும்பு காற்றுப்பட்டுச் சிவக்கிறது, காற்று மறுக்கப்பட்டால் கறுக்கிறது. தமிழகத்தின் இரும்புக்காலக் கருப்பு-சிவப்புப் பானைகள் ஒரே கலத்தில் இந்த இரு நிலைகளையும் காட்டுகின்றன. அந்த ஓடுகள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மண்ணுக்குள் கிடந்தும் களிமண்ணாகவில்லை. ஆக, குயவன் தன் கையால் வனைந்ததைவிட, தீயிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருந்தபோது நிகழ்ந்ததே பெரிய மாற்றம். குயவனும் ஒரு கட்டத்தில் ஆய்வாளரைப் போலவே சூளைக்கு வெளியே நிற்கிறான்.

விளைவைக் கண்டு காரணத்தை அனுமானிப்பதில் இருக்கவேண்டிய எச்சரிக்கையையும் இந்தக் கனிமங்கள் கற்பிக்கின்றன. செவ்வாயைச் சுற்றிவந்த ஐரோப்பிய விண்கலத்தின் கருவி, அக்கோளின் தொல்பழம் நிலப்பரப்பில் நான்ட்ரோனைட் இருப்பதை 2005இல் காட்டியது. நீர் இருந்தது என்று அதிலிருந்து உறுதியாகச் சொல்லலாம். உயிர் இருந்தது என்று சொல்ல முடியாது, ஏனெனில் அதே கனிமம் நுண்ணுயிரின் துணையோடும் விளைகிறது, அது இல்லாமலும் விளைகிறது. ஒரே காரியத்துக்குப் பல வழிகள் இருக்கும்போது, காரியத்தை மட்டும் காட்டி ஒரே கருத்தாவை நிறுவ இயலாது. அதே காரணத்தால், கருத்தா இல்லை என்றும் அதைக் கொண்டு நிறுவ இயலாது. களிமண்ணின் சான்றை இரு தரப்பாரும் தம் வாதத்துக்கு முடிவான ஆதாரமாகக் காட்டக் கூடாது.

சித்தாந்த வகுப்புகளில் குடத்தைக் காட்டிப் பாடம் தொடங்கும் ஆசிரியர்கள், அதன் அருகில் ஒரு கண்ணாடிக் குப்பியையும் வைக்க வேண்டும். உப்பங்கழியிலிருந்தோ ஊர்க்குளத்திலிருந்தோ எடுத்த ஒரு பிடி சேற்றில் சிறிது கிழித்த காகிதத்தையும் முட்டையின் மஞ்சள் கருவையும் கலந்து, நீர் ஊற்றி, மெல்லிய மூடியிட்டு, வெளிச்சம் படும் சன்னலோரம் வைத்தால், சில வாரங்களில் மேலே பழுப்பும், இடையில் பச்சையும் ஊதாவும், கீழே கருமையுமாக அது தானே அடுக்குகளாகப் பிரியும். ரஷ்ய நுண்ணுயிரியலாளர் செர்கே வினோகிராட்ஸ்கி 1880களில் கையாண்ட எளிய சோதனை இது. கறுக்கும் அடுக்கில் இரும்பு நிலை மாறிக்கொண்டிருக்கும். மாணவர்கள் அந்தக் குப்பியைக் குலுக்காமல் ஒரு பருவம் முழுவதும் பார்த்துவிட்டு, அதன்பின் நிமித்தகாரணம் எது என்ற வினாவுக்கு விடை எழுதட்டும்.